கடல் கண்ட ஆயுதங்கள் – 19: கார்ல்ஸ்கூகாவின் வரைபடங்கள்

1940 ஆகஸ்ட் 16 அன்று, பின்லாந்தின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் இருந்த பெட்சாமோ துறைமுகத்திலிருந்து ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற கப்பல் புறப்பட்டது. அந்த ஆண்டு ஜூனுக்குள் நார்வேயும் டென்மார்க்கும் ஹிட்லரின் பிடிக்குள் போய்விட்டன. வட ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் செல்ல எஞ்சியிருந்த கடல்வாசல் அது ஒன்றுதான். கப்பலில் ஏறக்குறைய 900 பேர். நார்வேயின் பட்டத்து இளவரசி மார்த்தா, தன் மூன்று குழந்தைகளோடு, அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழைப்பின் பேரில் அதில் போனார். கடைக்குட்டி ஹரால்டுக்கு அப்போது மூன்று வயது. பின்னாளில் நார்வேயின் மன்னரானவர் அவர்தான்.

அன்றைய செய்தித்தாள்கள் இளவரசியைப் பற்றியே எழுதின. நம் தொடருக்கு வேண்டியது சரக்கறையில் இருந்தது. ஸ்வீடனில் செய்த ஓர் இரட்டைக் குழல் விமான எதிர்ப்புப் பீரங்கி, அதற்கான உதிரி பாகங்கள், 3,000 குண்டுகள். ஆகஸ்ட் 28 அன்று கப்பல் நியூயார்க் சேர்ந்தது. இளவரசி வாஷிங்டன் பக்கம் போனார். பீரங்கி அமெரிக்கக் கடற்படையின் ஆயுதத் துறைக்குப் போனது. அடுத்த ஐந்தாண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் பெரிய கப்பல்கள் அத்தனையிலும் அந்தப் பீரங்கியின் வாரிசுகள் ஏறிவிட்டன.

அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் போபர்ஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வாசகர்களுக்கு 1986 மார்ச்சில் இந்தியா கையெழுத்திட்ட 410 பீரங்கிகளுக்கான ஒப்பந்தமும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி வெளியிட்ட லஞ்சக் குற்றச்சாட்டும், அதன் பின் நாடாளுமன்றத்தில் எழுந்த புயலும்தான் நினைவுக்கு வரும். அவை தரைப்படைக்கான 155 மில்லிமீட்டர் பீரங்கிகள். நாம் பேசப்போவது அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய, கடலுக்காகவே பிறந்த 40 மில்லிமீட்டர் பீரங்கி. ஓர் ஊழல் வழக்கின் நிழல் அதன் வரலாற்றை நம் நாட்டில் முழுக்க மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

போபர்ஸின் ஊர் கார்ல்ஸ்கூகா. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இரும்பு அடித்தார்கள். 1894இல் ஆல்பிரட் நோபல் அந்த ஆலையை வாங்கினார்; இரண்டே ஆண்டில் இறந்தும் போனார். ஆனால் இரும்பாலையை ஆயுத ஆலையாக மாற்றும் திசையை அவர் காட்டிவிட்டிருந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு, வெர்சாய் ஒப்பந்தத்தால் கை கட்டப்பட்ட ஜெர்மனியின் குருப் நிறுவனம் போபர்ஸில் பெரும் பங்குகளை வாங்கி வைத்திருந்தது.

1920களில் ஸ்வீடன் கடற்படையிடம் இருந்தது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் செய்த ‘பாம்-பாம்’ பீரங்கி. முதல் உலகப் போர்க்கால விமானங்களுக்கு அது போதும். உலோக உடலும் வலுவான எஞ்சினும் கொண்ட புதிய விமானங்களுக்கு அதன் வேகமும் எட்டும் தூரமும் பற்றவில்லை. 1928 இறுதியில் கடற்படை போபர்ஸோடு ஒப்பந்தம் போட்டது. வேலை விக்டர் ஹாமர் என்ற பொறியாளர் கைக்கு வந்தது. அவருக்குப் பின் இமானுவேல் யான்சன் தொடர்ந்தார்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைச் சற்று விளக்கியாக வேண்டும். துப்பாக்கித் தோட்டா சில கிராம் எடை. அதை இயந்திரம் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு முழு குண்டின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். எறியப்படும் பகுதி மட்டுமே ஏறக்குறைய 900 கிராம். இவ்வளவு கனத்தை வினாடிக்கு இரண்டு முறை குழலின் வாய்க்குள் தள்ளி, மூடி, சுட்டு, வெறும் உறையை வெளியே எறிய வேண்டும். தள்ளுவது கொஞ்சம் தாமதமானாலும் பீரங்கி திணறும். கார்ல்ஸ்கூகாவில் முதலில் செய்து பார்த்த மாதிரிகள் அப்படித்தான் திணறின.

கிடைத்த தீர்வு அழகானது. சுட்டவுடன் குழல் பின்னோக்கி உதைக்கிறதல்லவா, அந்த உதையின் விசையிலேயே எல்லா வேலையும் நடந்தது. குழல் பின்னே வரும்போது பூட்டுக்கட்டை கீழே இறங்கிக் கதவு திறக்கும். உறை வெளியே பாயும். ஒரு வில் இறுகும். குழல் முன்னே திரும்பும்போது அந்த வில் விடுபட்டு அடுத்த குண்டை உள்ளே வீசும். மெல்ல நகர்த்தி வைக்காமல் வீசியெறிவதில்தான் சூட்சுமம். குண்டு உள்ளே போய் விழுந்ததும் பூட்டு ஏறி மூடும். மேலே ஒரு ஆள் நான்கு நான்கு குண்டுகளாகக் கோத்த கிளிப்பை இறக்கிக்கொண்டே இருந்தால் போதும், பீரங்கி நிற்காது. நிமிடத்துக்கு 120 குண்டு, சாய்வைப் பொறுத்து அதற்கு மேலும். 1931 இறுதியில் மாதிரி ஒன்று தொடர்ந்து சுட்டுக் காட்டியது. அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் செப்பனிட்டார்கள்.

முதலில் வாங்க வந்த வெளிநாட்டுக் கடற்படை நெதர்லாந்தினுடையது. ‘டி ராய்ட்டர்’ என்ற புதிய குரூசர் கப்பலுக்கு ஐந்து இரட்டைப் பீடங்கள், அதாவது பத்துக் குழல்கள். பீடங்களையும் குறிபார்க்கும் கருவிகளையும் ஹெங்கலோ நகரின் ஹாசமையர் நிறுவனம் வடிவமைத்தது. கப்பல் அலையில் எப்படி ஆடினாலும் குழல் நிலை மாறாமல் இருக்கும்படி செய்த பீடம் அது. அந்தக் காலத்தில் பெரிய கடற்படைகளிடம்கூட அப்படி ஒன்று இல்லை. போலந்து அடுத்து வந்தது. அதன் ‘க்ரோம்’, ‘ப்லிஸ்காவிட்சா’ என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் இங்கிலாந்தின் கவ்ஸ் ஊரில் கட்டப்பட்டன. அவற்றின் 120 மில்லிமீட்டர் பெரிய பீரங்கிகளும் 40 மில்லிமீட்டர் இரட்டைகளும் போபர்ஸின் வடிவங்கள்.

1935இல் தரைப்படைக்கான சக்கரம் வைத்த மாதிரி வெளிவந்ததும் கதை வேகம் பிடித்தது. பெல்ஜியம், போலந்து, நார்வே, பின்லாந்து, ஹங்கேரி, பிரிட்டன் என்று வரிசை கட்டினார்கள். ஸ்வீடன் சிறிய நாடு. கார்ல்ஸ்கூகா சிறிய ஊர். உலகம் கேட்ட அளவுக்கு அங்கே பீரங்கி செய்ய முடியாது. ஆகவே போபர்ஸ் பீரங்கியை விற்றதோடு, அதைச் செய்யும் உரிமத்தையும் விற்றது. போலந்து தன் ஸ்டாரகோவிட்சே ஆலையில் செய்தது. ஹங்கேரி செய்தது. நார்வே காங்ஸ்பெர்க் ஆலையில் செய்தது. பிரிட்டன் 1937இல் நூறு பீரங்கிகளுக்கு ஆணை கொடுத்து உரிமமும் வாங்கியது. ஒரு கட்டு வரைபடம், ஒரு மாதிரிப் பீரங்கி, ஒரு கையெழுத்து. இவை மட்டும் எல்லை தாண்டினால் போதும் என்றானது.

உரிமம் என்பது காகிதம். நாடு வீழ்ந்தால் ஆலை எதிரி கைக்குப் போகும். அதே வரைபடத்திலிருந்து எதிரிக்குப் பீரங்கி கிடைக்கும். 1940இல் நார்வே வீழ்ந்ததும் காங்ஸ்பெர்க் ஆலை ஜெர்மனிக்காக ஓடத் தொடங்கியது. ‘ஃப்ளாக் 28’ என்ற ஜெர்மன் பெயரோடு போபர்ஸ் ஜெர்மன் கப்பல்களில் ஏறியது. போரின் கடைசிக் கட்டத்தில் ‘பிரின்ஸ் ஆய்கன்’ குரூசரின் தளத்திலும் அது இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சரணடைந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்தின் போபர்ஸ்கள் ஜப்பானியரிடம் சிக்கின. உரிமம் எதுவும் கேட்காமல் அவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். ஆனால் சிறு எண்ணிக்கைக்கு மேல் அவர்களால் செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது நாம் அமெரிக்காவுக்கு வரும்போது விளங்கும்.

அதற்கு முன் பிரிட்டன். தரைப்படைக்காக உரிமம் வாங்கி வைத்திருந்த நாடு, கடற்படைக்கு மட்டும் தன் பழைய பாம்-பாமையே நம்பியது. எட்டுக் குழல்களை ஒரே பீடத்தில் கட்டி, குண்டுமழை பொழிந்தால் போதும் என்று நினைத்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, ‘வில்லம் வான் டெர் சான்’ என்ற டச்சுக் கண்ணிக்கப்பல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தது. அதன் மேல் ஹாசமையர் பீடத்தில் ஒரு போபர்ஸ் இரட்டை இருந்தது. அதைக் கண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் வியந்து, அப்படியே நகலெடுக்க முடிவு செய்தார்கள். முடிவுக்கும் கப்பலில் ஏறுவதற்கும் இடையே ஆண்டுகள் கடந்தன. அந்த இடைவெளியில்தான் குவாந்தான் வந்தது.

‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பல் 1941 நவம்பர் கடைசியில் கொழும்பில் நின்று, டிசம்பர் 2 அன்று சிங்கப்பூர் சேர்ந்தது. டிசம்பர் 10 காலை, மலாயாவின் குவாந்தான் கடற்பரப்பில் ஜப்பானிய விமானங்கள் அதையும் ‘ரிபல்ஸ்’ கப்பலையும் சூழ்ந்துகொண்டன. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ மேல் எட்டுக்குழல் பாம்-பாம்கள் பல இருந்தன. வெப்பமண்டலக் கிடங்கில் கிடந்த குண்டுகள் உறையிலிருந்து கழன்று, பீரங்கிகள் மீண்டும் மீண்டும் அடைத்துக்கொண்டன. அதே கப்பலின் பின்தளத்தில் ஒரே ஒரு போபர்ஸ் இருந்தது. அது தடங்கலின்றிச் சுட்டது. அதன் குண்டுகள் ஒளிக்கோடு இழுத்துக்கொண்டு போனதால் எங்கே சுடுகிறோம் என்று சுடுபவருக்குத் தெரிந்தது. தன்னை நோக்கி வருகிறது என்று விமானிக்கும் தெரிந்தது. ஒற்றைப் பீரங்கி என்ன செய்யும்? இரண்டு கப்பல்களும் மூழ்கின. 840 பேர் இறந்தார்கள். உயிர் தப்பி வந்த அதிகாரிகள் அறிக்கையில் போபர்ஸைப் புகழ்ந்து எழுதினார்கள். பாம்-பாமின் இடத்தில் பத்துப் போபர்ஸ் இருந்திருந்தால் கப்பல் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். காவலுக்கு ஒரு போர்விமானம்கூட இல்லாமல் போன கப்பல்கள் அவை. ஆனாலும், நான்கு ஆண்டுகளாக உரிமம் கையில் இருந்தும் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

முதன்முதலில் போபர்ஸை ஏற்றிய ‘டி ராய்ட்டர்’ 1942 பிப்ரவரி 27 இரவு ஜாவா கடலில் அழிந்தது. அட்மிரல் காரெல் டோர்மனின் கொடிக்கப்பல் அது. ஜப்பானியக் குரூசர் ‘ஹகுரோ’வின் டார்ப்பிடோ நீருக்கடியில் வந்து தாக்கியது, வானத்துக்காகச் செய்த பத்துக் குழல்களுக்கு அங்கே வேலையே இல்லை. டோர்மனோடு 345 பேர் மாண்டார்கள். 2002இல் கடலடியில் அந்தக் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் மீண்டும் போய்ப் பார்த்தபோது கப்பலையே காணவில்லை. பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். போர்க்கல்லறையான ஒரு கப்பலுக்கு இந்தக் கதி நேர்ந்ததை எண்ணினால் மனம் ஆறாது.

போலந்தின் இரண்டு கப்பல்களில் ‘க்ரோம்’ 1940 மே 4 அன்று நார்வேயின் நார்விக் அருகே ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கியது. ‘ப்லிஸ்காவிட்சா’ பிழைத்தது. 1942 மே மாதம் பழுதுபார்ப்புக்காகத் தான் பிறந்த ஊரான கவ்ஸுக்கே அது வந்திருந்தது. மே 4 இரவு, அந்தச் சிறு துறைமுகத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்தன. கப்பல்தளத்தில் நிற்கும் கப்பல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. கேப்டன் வோய்ச்செக் ஃபிரான்ஸ்கி அந்த விதியை ஒதுக்கிவைத்திருந்தார். இரவு முழுவதும் கப்பல் நின்ற இடத்திலிருந்தே சுட்டது. சூடேறிய குழல்கள் மேல் மாலுமிகள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சுட்டார்கள். புகைத்திரை பரப்பி ஊரை மறைத்தார்கள். கவ்ஸ் மக்கள் இன்றும் மே மாதத்தில் அந்தப் போலந்து மாலுமிகளை நினைவுகூர்கிறார்கள். கப்பல் இப்போது போலந்தின் க்டினியா துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

இனி அமெரிக்கா. அவர்களுடைய கப்பல்களில் அப்போது இருந்தது 1.1 அங்குல நாற்குழல் பீரங்கி. அடிக்கடி அடைத்துக்கொள்ளும், செப்பனிடக் கடினமானது, குண்டும் சிறியது. 1940 ஆகஸ்டில், ‘அமெரிக்கன் லீஜன்’ அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், டிரினிடாட் தீவுக்கு அருகே ‘வான் கின்ஸ்பெர்கன்’ என்ற டச்சுக் கப்பல் தன் போபர்ஸை அமெரிக்க அதிகாரிகள் முன் சுட்டுக் காட்டியது. பார்த்தவர்களுக்கு ஐயம் எதுவும் மிஞ்சவில்லை. பென்சில்வேனியாவின் யார்க் நகரில் இரும்புப் பெட்டியும் பூட்டும் செய்துவந்த ‘யார்க் சேஃப் அண்ட் லாக்’ நிறுவனத்திடம் கடற்படை வேலையைக் கொடுத்தது. தரைப்படைக்கான பீரங்கிகள் டெட்ராய்ட்டின் கார் நிறுவனமான கிரைஸ்லர் கைக்குப் போயின. கடற்படைக்கும் கிரைஸ்லர் செய்து கொடுத்தது. போபர்ஸோடு முறையான உரிமம் கையெழுத்தானது 1941 ஜூனில். அதற்கு முன்பே ஆலைகளில் வேலை தொடங்கிவிட்டது.

வரைபடங்கள் வந்து சேர்ந்தபோதுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. அளவுகள் மில்லிமீட்டரில், அமெரிக்க எந்திரங்கள் அங்குலத்தில். ஒரு பாகத்தின் பக்கத் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறையும் அமெரிக்கர் பழகியதற்கு நேர்மாறாக இருந்தது. இடம் வலமாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து ஒவ்வொரு தாளிலும் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், தாள்களில் ஆங்காங்கே காணப்பட்ட குறிப்புகள். இந்தப் பாகத்தைப் பொருத்தும்போது அரத்தால் ராவிச் சரிசெய்து கொள்ளவும், இந்தத் துளையைப் பொருத்தும்போது போட்டுக்கொள்ளவும் என்ற பொருளில் அவை இருந்தன.

கார்ல்ஸ்கூகாவில் அது குறையே அல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாக உலோகத்தோடு வாழ்ந்த ஃபிட்டர்கள் இருந்தார்கள். ஒரு பீரங்கியைக் கையில் எடுத்து, பாகம் பாகமாக ராவி, உரசிப் பார்த்து, இழைத்துச் சேர்ப்பார்கள். பிறப்பது நேர்த்தியான பீரங்கிதான். ஆனால் தச்சர் ஒரு நிலைக்கென்று இழைத்த கதவு அடுத்த வீட்டு நிலையில் பொருந்தாது. அதைப் போல ஒரு பீரங்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. நடுக்கடலில் ஒரு பாகம் உடைந்தால் எந்த ஃபிட்டர் வந்து ராவுவார்? அப்படிப்பட்ட கைகளை ஆயிரக்கணக்கில் எங்கே தேடுவது? ஜப்பானியரின் நகல் முயற்சி சிறிதாகவே நின்றுபோனதற்கு விடை இங்கே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் வடிவம் தெரியும். எந்த அளவு எவ்வளவு பிசகினால் பரவாயில்லை, எங்கே ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாது என்பது தெரியாது.

டெட்ராய்ட்டின் பொறியாளர்கள் ஒவ்வொரு தாளையும் திரும்ப வரைந்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அனுமதிக்கப்படும் பிசகின் எல்லையைக் குறித்தார்கள். எந்த ஆலையில் செய்த எந்தப் பாகமும் எந்தப் பீரங்கியிலும் உட்கார வேண்டும் என்பது இலக்கு. போர் முடிவதற்குள் கிரைஸ்லரும் அதன் துணை ஆலைகளும் சேர்ந்து ஏறக்குறைய 60,000 பீரங்கிகளையும் 1,20,000 குழல்களையும் செய்து தள்ளின. முன்பின் பீரங்கியையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் அவற்றைச் செய்தார்கள். போபர்ஸின் வரலாறு எழுதுபவர்கள் ஹாமரையும் யான்சனையும் கொண்டாடுவார்கள், கொண்டாட வேண்டியவர்கள்தான். மில்லிமீட்டரை அங்குலமாக்கி, ராவும் வேலையை ஒழித்த அந்த வரைபட மேசைக்காரர்களுக்கும் அதே அளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர்கள் இல்லாவிட்டால் இது ஒரு நல்ல ஸ்வீடன் பீரங்கியாக மட்டும் நின்றிருக்கும்.

1942 ஜனவரியில் முதல் அமெரிக்க இரட்டையும், ஏப்ரலில் முதல் நாற்குழல் பீடமும் தயாராயின. ஜூன் 22 அன்று பயிற்சிக் கப்பல் ‘வயோமிங்’ முதல் நாற்குழலைப் பெற்றது. ஜூலை 1 அன்று ‘காக்லன்’ நாசகாரிக் கப்பலில் முதல் இரட்டை ஏறியது. கூடவே இன்னொரு கருவியும் வந்தது. எம்.ஐ.டி.யின் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் உருவாக்கிய சுழலி வைத்த குறிபார்வைக் கருவி. பறக்கும் விமானத்தைச் சுட வேண்டுமானால் அது இருக்கும் இடத்தில் சுடக் கூடாது. குண்டு போய்ச் சேரும்போது அது இருக்கப்போகும் இடத்தில் சுட வேண்டும். எவ்வளவு முன்னே என்பதை அந்தக் கருவி கணக்கிட்டுச் சொன்னது. பீரங்கியின் அதிர்வும் புகையும் எட்டாத இடத்தில் ஒரு மாலுமி அந்தக் கருவியைத் திருப்பினால், தள்ளி நிற்கும் நாற்குழல் பீடம் மின்விசையால் தானும் திரும்பும்.

சோதனை நாள் சீக்கிரமே வந்தது. 1942 அக்டோபர் 26, சாண்டா குரூஸ் தீவுகள். அமெரிக்காவிடம் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள். ‘எண்டர்பிரைஸ்’ கப்பலுக்குப் பழுதுபார்ப்பின்போது நாற்குழல் போபர்ஸ் கிடைத்திருந்தது; அதன் காவலுக்கு நின்ற ‘சௌத் டகோட்டா’ போர்க்கப்பலிலும் இருந்தது. ‘ஹார்னெட்’ பழைய 1.1 அங்குலத்தோடே வந்திருந்தது. அந்தச் சமரில் ‘ஹார்னெட்’ மூழ்கியது. ‘எண்டர்பிரைஸ்’ குண்டு பட்டும் தப்பியது. 26 விமானங்களை வீழ்த்தியதாக ‘சௌத் டகோட்டா’ உரிமை கோரியது. பின்னாளைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. ஹார்னெட்டின் முடிவுக்குப் பீரங்கி மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. முதல் தாக்குதல் முழுவதும் அதன் மேல்தான் இறங்கியது. ஆனால் ஜப்பானின் இழப்பு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 99 விமானங்கள், 148 விமானப் படையினர். மிட்வேயில் இழந்தவர்களைவிட அதிகம். பேர்ல் துறைமுகத்தில் டார்ப்பிடோ விமானங்களை வழிநடத்திய முராத்தா ஷிகெஹரு அன்று திரும்பவில்லை. பழுத்த அனுபவம் கொண்ட அந்த விமானிகளுக்கு ஈடாக ஆட்களைப் பயிற்றுவிக்க ஜப்பானால் கடைசி வரை முடியவில்லை.

அதன் பிறகு அமெரிக்கக் கப்பல்களில் இடம் கண்ட பக்கமெல்லாம் போபர்ஸ்தான். ‘மிசௌரி’ போர்க்கப்பலில் 20 நாற்குழல் பீடங்கள், 80 குழல்கள். ஒரு நாற்குழலுக்கு 11 ஆட்கள். அவர்கள் செய்த வேலையை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 குண்டு என்றால் ஒரு குழலுக்கு 30 கிளிப். கிளிப் ஒன்று எட்டரைக் கிலோ. நான்கு குழலுக்கும் சேர்த்தால் நிமிடத்துக்கு ஒரு டன் எடை, கையிலிருந்து கைக்கு மாறி, ஆடும் தளத்தில், காது கிழியும் சத்தத்தில், மேலே ஏற வேண்டும். கொதிக்கும் வெற்று உறைகள் காலடியில் குவியும். குறிபார்வைக் கணக்கு, சுழலி, மின்விசை எல்லாம் இருந்தும், பீரங்கி சுட்டது இருபது வயதுப் பையன்களின் முதுகெலும்பின் பலத்தில்தான்.

1944 அக்டோபர் 25இல் லெய்ட்டே அருகே ‘செயிண்ட் லோ’ விமானந்தாங்கியை ஒரு கமிக்காஸி விமானம் மூழ்கடித்தது முதல் கணக்கு மாறியது. அதுவரை விமானியை வீழ்த்தினாலோ, பயந்து திரும்பச் செய்தாலோ போதும். இப்போது வருகிறவன் திரும்புவதற்காக வரவில்லை. இறக்கை எரிந்தாலும் விமானம் வந்த வழியிலேயே வந்து விழும். அதை வானிலேயே துண்டு துண்டாக்க வேண்டும். 900 கிராம் குண்டுக்கு அந்த வலு போதவில்லை. இலக்கின் அருகே போனதும் குண்டைத் தானே வெடிக்கவைக்கும் வானொலி வெடிதூண்டி அப்போது வந்துவிட்டது. ஆனால் 40 மில்லிமீட்டர் குண்டுக்குள் அடங்கும் அளவுக்கு அதைச் சுருக்க முடியவில்லை. 1944 அக்டோபர் முதல் நான்கு மாதங்களில் கப்பல்கள் சுட்டு வீழ்த்திய விமானங்களில் ஏறக்குறைய பாதி போபர்ஸ் கணக்கில் எழுதப்பட்டது. அப்படியிருந்தும் கடற்படை அதற்கு மாற்றாக மூன்று அங்குலத் தானியங்கிப் பீரங்கியைத் தேடத் தொடங்கியது. அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது.

ஒக்கினாவாவின் வெளிக்காவல் வரிசையில் நின்ற ‘லாஃபி’ நாசகாரிக் கப்பலில் 12 போபர்ஸ் குழல்கள். 1945 ஏப்ரல் 16 காலை 22 விமானங்கள் அந்த ஒற்றைக் கப்பலைக் குறிவைத்து, 80 நிமிடங்கள் தாக்கின. ஆறு விமானங்கள் மோதின. நான்கு குண்டுகள் விழுந்தன. 40 மில்லிமீட்டர் பீடங்கள் மேலேயே ஒரு விமானம் வந்து விழுந்து, அங்கே நின்றவர்களைக் கொன்றது. சுக்கான் இறுகிப்போய்க் கப்பல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எஞ்சிய பீரங்கிகளில் எஞ்சிய ஆட்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமுற்றார்கள். கேப்டன் ஃபிரடெரிக் பெக்டன் கப்பலைக் கைவிட மறுத்தார், கப்பல் மிதந்தது. தென் கரோலினாவில் அதையும் இன்று போய்ப் பார்க்கலாம்.

போர் முடிந்தும் அந்தப் பீரங்கிகள் ஓய்ந்துவிடவில்லை. 1961இல் பெல்ஃபாஸ்ட்டில் நம் கடற்படையில் சேர்ந்த ‘ஐ.என்.எஸ். விக்ராந்த்’ போபர்ஸ் 40 மில்லிமீட்டரோடுதான் வந்தது. 1971 டிசம்பர் 9 அன்று அரபிக்கடலில் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி டார்ப்பிடோவால் மூழ்கடித்த ‘ஐ.என்.எஸ். குக்ரி’யின் மேலும் போபர்ஸ் இருந்தது. ‘டி ராய்ட்டர்’ போலவே அங்கேயும் அதற்கு வேலை வரவில்லை. 1982 மே 27 அன்று, ஃபாக்லாந்து தீவுகளின் சான் கார்லோஸ் நீர்ப்பரப்பில், ‘ஃபியர்லெஸ்’, ‘இன்ட்ரெபிட்’ என்ற பிரிட்டிஷ் கப்பல்களின் போபர்ஸ் குண்டுகள் அர்ஜென்டினாவின் ஒரு ஸ்கைஹாக் ஜெட் விமானத்தை வீழ்த்தின. இரண்டு நாள் முன்பு ‘கவென்ட்ரி’ கப்பலை மூழ்கடித்த விமானிகளில் ஒருவர் அதை ஓட்டி வந்தார். பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். 1930களில் வரைந்த வடிவம், ஏவுகணைக் காலத்தில் ஜெட்டை வீழ்த்தியது.

போபர்ஸின் எல்லைக்குள்ளும் தப்பி நெருங்கிவிட்ட விமானத்துக்குக் கடைசி அரணாக நின்றது சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓர்லிகான் 20 மில்லிமீட்டர். அதற்கும் உரிமங்கள் உண்டு. அதையும் இரு தரப்பும் சுட்டன. 1942 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில் ‘எச்.எம்.ஐ.எஸ். பெங்கால்’ என்ற சிறு இந்தியக் கப்பல் தன்னைவிடப் பலமடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்ற கதையோடு அடுத்த பகுதியில் அதைத் தொடங்குவோம்.

(தொடரும்)